கருமை வேறு, வலிமை வேறு

கறுப்பாக இருக்கும் பீரைக் கண்டதும் ‘இது கடுமையான சரக்கு’ என்று முடிவுகட்டுவது பலருக்கும் வழக்கம். குழாயிலிருந்து ஊற்றித் தரும் கறுப்பு பீரான கின்னஸ் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 விழுக்காடுதான். பெல்ஜியத்தின் வெஸ்ட்மால் மடத்தில் தயாராகும் டிரிப்பெல் என்னும் பொன்னிற பீரிலோ 9.5 விழுக்காடு. நிறம் வரும் வழி ஒன்று, வலிமை வரும் வழி வேறொன்று. இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரே பாத்திரத்தில் சேர்ப்பது இம்பீரியல் ஸ்டவுட். பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் காய்ச்சலாம். அப்படிக் காய்ச்சுவோர் இந்த வகையில் கைவைக்கும்போது முதலில் தெளிய வேண்டியது மேற்சொன்ன வேறுபாடே.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஸ்டவுட் என்றால் ‘வலுவான பீர்’ என்று மட்டுமே பொருள். வெளிர்நிற ஸ்டவுட்டும் விற்றது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை மேலும் வளராதபடி உலர்த்தியது மால்ட். போர்ட்டர் என்னும் அன்றைய கரும்பழுப்பு பீரைப் பழுப்பு மால்ட்டால் காய்ச்சினார்கள். 1784இல் ஜான் ரிச்சர்ட்சன், அடர்த்தியைக் காட்டும் திரவமானியைக் கொண்டு அளக்கும் முறையை நூலாக வெளியிட்டார். அளந்து பார்த்தபோது, பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டே கொடுத்த காசுக்கு அதிகச் சர்க்கரை தருகிறது என்பது வெளிப்பட்டது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. சர்க்கரையே நொதித்து ஆல்கஹாலாவதால் வலிமை மலிவாயிற்று, ஆனால் நிறம் போயிற்று. எரித்த சர்க்கரை முதலியவற்றால் நிறமேற்றினார்கள். மால்ட்டும், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் தவிர வேறெதுவும் கூடாது என்று 1816இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே டேனியல் வீலர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் மால்ட்டை இரும்பு உருளையில் சுழற்றிக் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதைச் சிறிதளவு சேர்த்தால் போதும், அண்டா முழுவதும் கறுத்துவிடும். அன்று முதல் வலிமைக்கு ஒரு மூட்டை, நிறத்துக்கு வேறொரு மூட்டை என்றாயிற்று.

அடுத்தது தானியக் கணக்கு. சாதாரண பீர் 20 லிட்டர் எடுக்க நான்கு கிலோ மால்ட் போதும். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ வேண்டும். அதில் எட்டு கிலோ வெளிர் மால்ட்டாகவே இருக்கலாம். கறுப்பு மால்ட், சாக்லேட் மால்ட், வறுத்த பார்லி எல்லாம் சேர்ந்து மீதி ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். பீர் முழுவதையும் கறுப்பாக்குவது அந்த ஒன்பதில் ஒரு பங்குதான்.

இந்த விகிதத்துக்குக் காரணம் நொதிகள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் முளையில் பிறக்கின்றன. வெளிர் மால்ட்டின் மிதமான சூட்டில் பிழைத்திருக்கின்றன. 200 செல்சியஸ் பாகைக்கு மேற்பட்ட வறுவலில் அழிந்துபோகின்றன. ஆகவே கறுப்பு மால்ட்டால் தன் மாவைத் தானே உடைக்க முடியாது. நொறுக்கிய தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும்போது சூடு 65 பாகையை ஒட்டியிருந்தால், ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரை மிகும். 68, 69க்கு ஏறினால் ஈஸ்ட் தொடாத நீண்ட சங்கிலிகள் மிஞ்சும். அவையே நாவில் உணரும் கனம். மூன்று பாகை வித்தியாசத்தில் பீரின் உடற்கட்டே மாறுவதால், வெப்பமானியை நம்பாமல் கைப்பதத்தை நம்புவது சரிவராது.

கறுப்பு மால்ட்டின் பங்கு நிறத்தோடு முடிவதில்லை. கசப்பும் புளிப்பும் அதில் உண்டு. அந்தப் புளிப்பை ஈடுசெய்வது நீரிலுள்ள காரத்தன்மை. லண்டன் நீரும் டப்ளின் நீரும் சுண்ணாம்பு மிகுந்தவை. அவ்விரு நகரங்களும் கறுப்பு பீருக்குப் பேர்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். மென்னீர் கிடைக்கும் ஊர்களில் சிலர் வறுத்த தானியத்தை ஊறவைப்பின் கடைசிக் கட்டத்தில் மட்டும் சேர்ப்பார்கள்.

இனி ஈஸ்ட். திரவமானியில் சுத்த நீர் 1.000 காட்டும்; தானியத்தை ஊறவைத்து வடித்த சாறு 1.090 காட்டும். இவ்வளவு அடர்த்தியில் ஈஸ்ட் திணறும். ஒரு பொட்டலம் போடுமிடத்தில் இரண்டு போட வேண்டும். நொதிக்கத் தொடங்குமுன் சாறு நன்றாகக் காற்று வாங்கியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஆட்டம் கடுமையாக இருக்கும். பழுப்பு நுரை பொங்கி, ஹாப்ஸ் துகளோடு மூடியின் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறி மூடியே தெறிக்கக்கூடும். விவரமறிந்தவர்கள் மூடியில் அகலக் குழாய் பொருத்தி, மறுமுனையைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்திவிடுவார்கள். நொதிப்பே சூட்டைக் கிளப்பும்; 20 பாகையைத் தாண்டவிட்டால் தொண்டையை எரிக்கும் கன ஆல்கஹால்கள் உருவாகும். நொதிப்பு முடிந்து திரவமானி 1.024இல் நின்றால், இரண்டு அளவுகளின் வித்தியாசமான 0.066ஐ 131ஆல் பெருக்கிக்கொள்ளலாம்: சுமார் 8.6 விழுக்காடு. இந்தக் கணக்கில் நிறத்துக்கு இடமே இல்லை.

கடைசிப் படி காத்திருப்பு. புதிதில் வறுவலின் கரிப்பும் ஆல்கஹாலின் எரிப்பும் தனித்தனியே தெரியும். புட்டியில் பல மாதம் இருந்தால் இரண்டும் தணிந்து ஒன்றோடொன்று இணங்கும்.

ஆனால் எல்லாக் குறையையும் காலம் தீர்க்காது. பீர் நீர்த்திருந்தால் அடுத்த முறை கறுப்பு மால்ட்டைக் கூட்டிப் பயனில்லை. வெளிர் மால்ட்டைக் கூட்டலாம், அல்லது ஊறவைக்கும் சூட்டை ஏற்றலாம். கரிச்சுவை தூக்கலாக இருந்தால் வறுத்த தானியத்தைக் குறைக்கலாம், நீரைச் சோதிக்கலாம். அதற்காக வலிமையைக் குறைக்க வேண்டியதில்லை. தொண்டை எரிந்தால் மால்ட் மீது பழி போடாமல் நொதித்த அறையின் சூட்டைப் பார்க்க வேண்டும். எந்தக் குணம் எதிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டவருக்கே எதைத் திருத்துவது என்பதும் தெரியும்.