கொல்லையில் ஒரு கிரீன்

அமெரிக்காவின் சான் டியேகோவில் கோல்ஃப் வீரர் பில் மிக்கெல்சன் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அப்பா வீட்டுக் கொல்லையிலேயே குழியும் கொடியும் நட்டு, புல்லை ஒட்ட வெட்டிய ஒரு கிரீன் அமைத்தார். கொடிக்கு அருகே பந்தை மெல்லத் தூக்கிப் போடும் அடிகளை மகன் அங்கேதான் பழகினார். நாசாவில் இயற்பியலாளராக இருந்து கோல்ஃப் பயிற்சியாளராக மாறிய டேவ் பெல்ஸ், தம் டெக்சஸ் வீட்டில் புகழ்பெற்ற கிரீன்களின் நகல்களையே உருவாக்கிக்கொண்டார்.

கொல்லையில் பழக அவ்வளவு வசதி தேவையில்லை. லேசான சரிவு, தண்ணீர் தேங்காத தரை, செயற்கைப் புல், ஓரத்தில் வெட்டாமல் விட்ட புல், முடிந்தால் ஒரு மணல் பள்ளம். குழியின் அகலம் மட்டும் 1891 முதல் விதிப்படி 108 மில்லிமீட்டர்.

அங்கே ஸ்கோர் அட்டை கிடையாது. எதிராளியும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. அப்படியானால் அந்த உழைப்பு எதற்காக? நாளைய வெற்றிக்கான முன்பணமா, அல்லது அடிக்கும் அந்த அடியே போதுமா?

பலனில் பற்றில்லாமல் செயலாற்றச் சொல்லும் பகவத் கீதையை கோல்ஃப் எழுத்தாளர்கள் விட்டுவைக்கவில்லை. ஸ்டீவன் பிரஸ்ஃபீல்ட் 1995இல் எழுதிய ‘தி லெஜண்ட் ஆஃப் பேகர் வான்ஸ்’ நாவலில் மனம் தளர்ந்த ஆட்டக்காரர் அர்ஜுனன். அவருடைய மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளர் (கேடி) கண்ணன். அதற்கும் முன்பே, 1972இல், ‘கோல்ஃப் இன் தி கிங்டம்’ எழுதிய மைக்கேல் மர்ஃபி, 1950களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தங்கித் தியானம் பழகியவர்.

பலனில் பற்றில்லாமல் பழகுவது வெறும் ஆன்மிக ஆறுதல் இல்லை. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள், சிறு மரத் தடைகளைக் கையால் வேகமாகத் தட்டிச் சாய்க்கும் வேலையைச் சிலருக்குக் கற்பித்தார்கள். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். வரிசைகளை மாற்றி மாற்றிச் செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள். ஆனால் பிறகு வைத்த சோதனையில் அவர்களே முந்தினார்கள். அன்றைக்குக் கண்ணில் பட்ட பலன் ஆளை ஏமாற்றிவிட்டது. கொல்லையில் ஒரே இடத்தில் நின்று ஒரு கூடைப் பந்துகளை அடிப்பவருக்கும் இதே மயக்கம் வரலாம். ஒரே பந்து, ஒவ்வொரு முறையும் புது இடம், புது வெட்ஜ் மட்டை என்று பழகுபவர் அன்றைய தோல்விகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பற்றின்மை இங்கே கற்கும் முறையாகவே ஆகிறது. இதற்காகக் கொடியைப் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. கீதையும் அர்ஜுனனிடம் குறி பார்க்காமல் அம்பு விடச் சொல்லவில்லை.

ஆனால் கீதை சொல்லப்பட்ட இடம் போர்க்களம். தோற்றால் ஒன்றும் போகாத கொல்லையில் பற்றை விடுவது எளிது. 2006 யு.எஸ். ஓபன் போட்டியின் கடைசிக் குழிக்கு மிக்கெல்சன் ஒரு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையில் வந்தார். அங்கே டபுள் போகி, அதாவது குழிக்கு விதித்த எண்ணிக்கையைவிட இரண்டு அடி கூடுதலாக அடித்து, ஒரே ஸ்ட்ரோக்கில் ஜெஃப் ஓகில்வியிடம் பட்டத்தை இழந்தார். சிறு வயது முதல் பழகிய கை அதே கைதான். கொல்லையில் பழகிய மனமும் கூடவே மைதானத்துக்கு வருமா என்பதற்கு பெல்ஸின் நகல் கிரீன்களிலும் விடை இல்லை.