சார்பும் சாட்சியும்

ஒரு தரப்பை முழு மனத்தோடு சார்ந்து நிற்பவருக்கு எதிர்த்தரப்பின் மெய்ம்மையும் புலப்படுமா என்பது சமயத் தத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. கடவுள், மறை, வீடுபேறு போன்ற பெரும்பொருள்களை முன்வைத்தே அது பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்திருக்கிறது. அங்கெல்லாம் அச்சமும் ஆசையும் குலவழக்கும் பின்னிக் கிடப்பதால், சார்பு தன்னளவில் எத்தகையது என்பதைப் பிரித்துக் காண்பது அரிதாகிறது. பெறுவதற்கும் இழப்பதற்கும் ஏதுமில்லாத இடத்தில் ஒரு சார்பு தோன்றி நிலைக்குமானால், அதன் இயல்பை அங்கே தெளிவாகப் பார்க்கலாம். சென்னையின் தென்புறநகரான அஸ்தினாபுரத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அத்தகைய இடங்கள் உள்ளன. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்), கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவற்றின் ஆடவர் கூடைப்பந்து அணிகளையும், அவை ஆடும் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களையும் ஆண்டுதோறும் தொடர்ந்து பார்க்கும் ரசிகரின் மனநிலையே இங்கு ஆராயப்படுகிறது.

இவ்வாட்டங்கள் நடக்கும் முறை எளிது. ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் தமக்குள் ஆடுகின்றன. கல்லூரிகள் மிகுதியாக உள்ள இடத்தில் அவை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்தில் வென்றவை அடுத்த சுற்றில் சந்திக்கின்றன. அவற்றிலிருந்து தெரிந்தெடுக்கப்படும் பல்கலைக்கழக அணி, 1925இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. லயோலா கல்லூரி தன் நிறுவனர் பெர்ட்ரம் அடிகளின் பெயரால் நடத்துவது போன்ற நினைவுக் கோப்பைப் போட்டிகளும் உண்டு. அமெரிக்காவிலோ சிறு கல்லூரிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் குழுக்களாகச் சேர்ந்து, ஆண்டுதோறும் அதே எதிரிகளை அதே ஊர்களில் சந்திக்கின்றன. அவற்றுள் மூன்றாம் பிரிவு எனப்படும் அடுக்கிலுள்ள கல்லூரிகள் விளையாட்டுத் திறனுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. முறைகள் வேறுபட்டாலும் ரசிகரின் நிலை இரு நாடுகளிலும் ஒன்றே. பார்வையாளர் வரிசையில் விடுதித் தோழர்களும், பி.டி. மாஸ்டரும், முன்னாள் மாணவர் சிலரும், அக்கம்பக்கத்து ஆர்வலர் ஓரிருவருமே இருப்பர். மறுநாள் நாளிதழில் ஒரு வரி வந்தால் அதுவே பெரிது.

கூடைப்பந்தைச் சமய வினாவோடு சேர்த்து நோக்குவது வலிந்து செய்யும் பொருத்தம் அன்று. இறையியல் பயின்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டவர், 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த, ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், பதின்மூன்று விதிகளோடு இவ்வாட்டத்தை உருவாக்கினார். பந்தைக் கையில் ஏந்தி ஓடக் கூடாது என்று விதித்தால் ஓடுபவனைப் பிடித்துத் தள்ளும் தேவை எழாது என்றும், இலக்கைத் தலைக்கு மேலே கிடைநிலையில் வைத்தால் வலுவோடு வீசுவதைவிடப் பதமாக எறிவதே பயன் தரும் என்றும் அவர் கணக்கிட்டார். வன்மையைக் குறைத்துத் திறனை வளர்க்கும் அறநோக்கம் அவ்விதிகளின் உள்ளேயே அமைந்திருக்கிறது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், சென்னைக்கு வந்து 1920இல் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியே இன்று நந்தனத்தில் இயங்குகிறது. அங்குப் பயின்ற ஆசிரியர்கள் தென்னிந்தியப் பள்ளி, கல்லூரிகளுக்கெல்லாம் சென்றனர். தாம்பரத்தின் கல்லூரி மைதானங்களை அடைந்த கூடைப்பந்து, ஓர் அறச் சோதனையின் வழித்தோன்றலாகவே வந்து சேர்ந்தது.

அச்சோதனை ரசிகரின் மனத்திலும் நிகழ்கிறது என்பதை ஃப்ரீ த்ரோ ஒன்றே காட்டும். எதிரணியினர் விதியை மீறித் தடுக்கும்போது, அதாவது ஃபவுல் செய்யும்போது, பாதிக்கப்பட்டவருக்கு யாரும் குறுக்கிடாமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பே ஃப்ரீ த்ரோ. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டின் பின்னே நின்று, நடுவர் பந்தைத் தந்த ஐந்து நொடிக்குள், 3.05 மீட்டர் உயரத்திலுள்ள வளையத்தை நோக்கி அவர் எறிய வேண்டும். பந்தைச் சிமெண்ட் தரையில் இரண்டு மூன்று முறை தட்டி, வியர்த்த உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி அந்த இளைஞர் நிமிரும்போது, எதிர்த்தரப்பு ரசிகரின் உள்ளம் ‘விழக் கூடாது’ என்று விரும்புகிறது. அந்த எறிவுக்காகப் பல மாதங்கள் அதிகாலையில் எழுந்து பழகிய ஒருவரின் தோல்வியை, அவரால் எத்தீங்கும் அடையாத இன்னொருவர் விரும்புகிறார். இவ்விருப்பத்தைத் தமிழ் அறநூலார் அழுக்காறு, அதாவது பொறாமை, என்று கடிந்த தீமையோடு சேர்ப்பதா?

சேர்க்கலாகாது என்பதற்குச் சான்று அதே களத்தில் கிடைக்கிறது. ரீபவுண்டுக்காக, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக, எழும்பிய அதே இளைஞர் கணுக்கால் பிசகி விழும்போது, சற்று முன் அவர் எறிவு தவற வேண்டும் என்று கூவிய தரப்பே அமைதியாகி, அவர் தோழரின் தோளைப் பற்றி வெளியேறுகையில் கைதட்டுகிறது. ஆட்டத்துக்குள் தோற்க வேண்டும் என்ற விருப்பம், ஆட்டத்தைத் தாண்டி அம்மனிதருக்கு வர வேண்டிய நன்மையைத் தொடுவதில்லை. பொறாமை அத்தகைய வரம்பை அறியாது. பிறன் ஆக்கத்தை எங்குக் கண்டாலும் அது வாடும். விதிகளால் வேலியிடப்பட்ட எதிர்ப்பு என்பது அறவியலில் தனித்து எண்ணத்தக்க ஒரு நிலை. அதைப் பகையின் மெலிந்த வடிவமாகக் கருதி ஒதுக்கும் துறவுநெறி சார்ந்த கண்டனம், அவ்வேலியைக் காணத் தவறுகிறது.

எனினும் துறவுநெறியின் உயர்ந்த வாதம் வேறொன்று. ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளுள் ஒன்று கனியை உண்ண, மற்றொன்று உண்ணாமல் பார்த்திருப்பதாக முண்டக உபநிடதம் உருவகிக்கிறது. சாங்கிய நூலார், செயலெல்லாம் பிரகிருதியாகிய இயற்கைக்கே உரியது என்றும், புருடனாகிய உயிர் ஆடல் காண்பவனைப் போல விலகி நிற்பது என்றும் கொண்டனர். இந்நிலைக்குச் சாட்சி என்று பெயர். விருப்பு வெறுப்பின்றிக் காண்பதே மெய்யாகக் காண்பது என்பது இதன் உட்கருத்து. இதன்படி ஆட்டத்தை நன்கு காண்பவர், எத்தரப்பையும் சாராமல் இருபுறத்து அழகையும் சுவைப்பவரே ஆவார். ரசிகரின் காட்சியோ கலங்கிய காட்சி.

இவ்வாதம் பாதி உண்மையே. நடுவருக்கு நடுநிலை இன்றியமையாதது. ரசிகரின் ஆத்திரம் எத்தனையோ தெளிவான ஃபவுல்களை அவர் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஆயினும் சார்பு தரும் காட்சி ஒன்று உண்டு, அதை நடுநிலையாளர் பெறுவதில்லை. முதலாண்டில் வலக்கையால் மட்டுமே பந்தைத் தட்டத் தெரிந்த ஒரு மாணவர், மூன்றாம் ஆண்டில் இடப்பக்கம் திரும்பி லே-அப் போடும்போது, அதாவது ஓடிச் சென்று வளையத்தருகே எழும்பிப் பந்தை மெல்ல வைக்கும்போது, நடுநிலையாளர் காண்பது இரண்டு புள்ளி. அதற்குள் அடங்கிய இரண்டாண்டு உழைப்பைக் காண்பவர் பற்றுள்ளவரே. தாய் தன் குழந்தையிடம் காணும் நுட்பங்களை அயலார் காணாமை போல, கவனம் பற்றிலிருந்து பிறக்கிறது. சிறு கல்லூரி ஆட்டங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. புகழ் ஏற்கெனவே சுட்டிக்காட்டிய வீரரைக் காண யாருக்கும் முயற்சி தேவையில்லை. புகழ் சுட்டாத ஒருவரை ஆண்டுக்கணக்கில் கவனிப்பதற்குத் தானே முன்வந்து நிற்கும் பற்று வேண்டும்.

அப்பற்று உயிரை என்ன செய்கிறது என்பதற்குச் சைவ சித்தாந்தம் நேரடியான விடை தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த சிவஞானபோதமும் அதன் வழிநூல்களும், உயிரின் தனி இயல்பாகச் சார்ந்ததன் வண்ணமாதலைக் கூறுகின்றன. படிகம் அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தனதாகக் கொள்கிறது. ஆட்டம் முடிந்து திரும்பும் ரசிகர், பந்தைத் தொடாதவராயினும், ‘நாம் ஜெயித்துவிட்டோம்’ என்று சொல்வதும், தோற்ற நாளில் உணவு கசப்பதும் இவ்வியல்பின் வெளிப்பாடுகள். இதை மயக்கம் என்று தள்ள வேண்டியதில்லை. உயிர் எதையும் சாராமல் தனித்து நிற்பதே சித்தாந்தத்தில் இயலாதது. மலமாகிய கட்டைச் சார்ந்து இருளும், அல்லது பதியாகிய இறைவனைச் சார்ந்து ஒளிரும். ஆகவே ‘சாரலாமா’ என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. எதை, எவ்வாறு சார்வது என்பதே கேள்வி.

எவ்வாறு சாரக் கூடாது என்பதை மகாபாரதம் காட்டுகிறது, அதுவும் சென்னைப் புறநகரான அஸ்தினாபுரம் பெயரேற்ற பழைய அத்தினாபுரத்தில் வைத்தே. ஆதிபருவத்தில் துரோணர் தம் மாணவரின் பயிற்சியை ஊரறியக் காட்ட அரங்கம் அமைக்கிறார். வீமனும் துரியோதனனும் கதையோடு இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆரவாரிக்க, அது கலவரமாகிவிடும் என்று அஞ்சிய துரோணர், அசுவத்தாமனை அனுப்பி இருவரையும் விலக்குகிறார். அவ்வரங்கில் பார்வையற்ற திருதராட்டிரனுக்கு நிகழ்பவற்றை விதுரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னர்ச் சூதாட்டத்தில், தருமன் ஒவ்வொன்றாக இழந்து இறுதியில் பாஞ்சாலியையும் பணயமாக வைத்தபோது, அதே அரசன் மகிழ்ச்சியை மறைக்க மாட்டாமல், வென்றாயிற்றா, வென்றாயிற்றா என்று மீண்டும் மீண்டும் கேட்கிறான். எப்படி வென்றனர் என்று அவன் கேட்கவில்லை; சகுனியின் காய்கள் எத்தகையவை என்று கேட்கவில்லை. அவனுடைய சார்பில் ஆட்டமே இல்லை, முடிவு மட்டும் இருந்தது.

பலராமர் இதற்கு நேர்மாறானவர். வீமன், துரியோதனன் இருவருக்கும் கதைப்பயிற்சி தந்த அவர், போரில் எத்தரப்பிலும் சேராமல் தீர்த்த யாத்திரை சென்றவர்; எனினும் துரியோதனனிடம் அவருக்கு இருந்த அன்பு வெளிப்படையானது. இறுதிக் கதைப்போரின்போது திரும்பி வந்த அவர், கொப்பூழுக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற விதியை வீமன் மீறியதும் கலப்பையை ஓங்கி எழுகிறார், கண்ணன் தடுக்கிறான். தாம் விரும்பிய மாணவன் விழுந்ததும் அவர் சினத்துக்கு ஒரு காரணமே என்று சொல்லலாம். ஆனால் அவர் தம் சினத்துக்குச் சான்றாகக் காட்டுவது விதியை. அவ்விதி இருவருக்கும் பொது. வீமனுக்கும் அவரே கற்பித்தது. தன் அணிக்குச் சாதகமாக நடுவர் தவறாக ஊதிய விசிலைக் கேட்டு ஒரு ரசிகர் மகிழ்கிறாரா, கூசுகிறாரா என்பதில், அவர் திருதராட்டிரன் வழியினரா பலராமர் வழியினரா என்பது தெரிந்துவிடும். கூசுபவர்கள் குறைவே, ஆயினும் பந்தயப் பணமும் விளம்பரமும் எட்டாத கல்லூரிக் களங்களில் அவர்களைக் காண்பது எளிது.

சார்பவருக்கு எதிர்த்தரப்பின் மெய்ம்மை புலப்படுமா என்ற தொடக்க வினா இதே தாம்பரத்தில் மிகப் பெரிய அளவில் எழுந்ததும் உண்டு. 1938 டிசம்பரில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடியபோது, டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் அதற்கென எழுதியிருந்த நூல், கிறிஸ்துவில் வெளிப்பட்ட உண்மைக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்ற நிலையை வலியுறுத்தியது. அதை மறுத்தவர்களுள் முதன்மையானவர், அக்கல்லூரியில் தத்துவம் கற்பித்து முதல்வராகவும் விளங்கிய, ராதாகிருஷ்ணனின் ஆசிரியரான ஏ. ஜி. ஹாக். சமயங்கள் என்னும் கொள்கைத் தொகுதிகள் வேறு, அவற்றினுள் மனிதர் கடவுளிடம் கொள்ளும் நம்பிக்கை வேறு என்று அவர் பிரித்தார். கிறிஸ்துவிடம் தமக்கிருந்த முழு ஈடுபாட்டைச் சிறிதும் தளர்த்தாமலே, கிறித்தவரல்லாதாரிடமும் மெய்யான நம்பிக்கை உயிரோடிருப்பதை அவர் ஏற்றார். எல்லாம் ஒன்றே என்று சொல்லிச் சார்பைக் கரைக்கும் எளிய வழியை ஹாக் நாடவில்லை. தம் நம்பிக்கையின் ஆழத்தை அறிந்ததனாலேயே பிறர் நம்பிக்கையையும் அடையாளம் கண்டார் என்பதே அவர் வாதத்தின் வலிமை. எதிர்வரிசையில் தொண்டை கட்டக் கத்தும் வேற்றுக் கல்லூரி ரசிகரை, தன்னைப் போன்ற ஒருவராகக் கண்டுகொள்ளும் கணத்தில் சிறுகளத்து ரசிகர் அடைவதும் இவ்வகை அறிவே. இரு களங்களின் கனம் ஒன்றல்ல; அறியும் முறை ஒன்று.

எஞ்சியிருப்பது, இச்சார்பு எதன் மீது என்னும் சிக்கல். இளங்கலைப் படிப்பு மூன்று அல்லது நான்கு ஆண்டு. அதற்குள் அணியின் அத்தனை பேரும் மாறிவிடுகின்றனர். பொருள்கள் கணந்தோறும் அழிந்து தோன்றுகின்றன என்றும், தொடர்ச்சி என நாம் கருதுவது ஒன்றையொன்று பற்றித் தோன்றும் நிகழ்வுகளின் ஓட்டமே என்றும் கூறும் பௌத்தர், இங்கே அணி என ஒன்று இல்லை, ஜெர்சிகளை மாற்றி அணியும் மாணவர் வரிசையே உண்டு என்பர். இது வன்மையான வாதம். கல்லூரியின் பெயரையோ கட்டடத்தையோ காட்டி இதை விலக்கிவிட முடியாது, ஏனெனில் ரசிகர் அன்பு செலுத்துவது கட்டடத்தின் மீதல்ல. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் தேர்வுக்கு வந்து நிற்கும் புதிய மாணவர்களை அவர் நோக்கும் விதத்தைக் கருதினால் ஒன்று விளங்கும். அவர்களில் யாரையும் அவர் தெரிந்தெடுக்கவில்லை, அவர்கள் பெயரும் இன்னும் தெரியாது. இருந்தும் அவர்கள் எறியும் முதல் பந்தைத் தம்முடையவர் எறியும் பந்தாகவே பார்க்கிறார். சென்ற ஆண்டு விடைபெற்றவர்களிடம் வைத்த அன்பு குறையாமலே இவர்களிடமும் செல்கிறது. ஓட்டம் மட்டுமே உண்டு என்ற கொள்கையால், இவ்வாறு முன்கூட்டியே காத்திருந்து வரவேற்கும் அன்பை விளக்க இயலுமா என்பதைப் பௌத்தத் தரப்பே சொல்ல வேண்டும். சார்பவரை ஒரு நிலைத்த உயிராகக் கொள்ளும் சித்தாந்தத்துக்கு அவ்விடர்ப்பாடு இல்லை.