மைக்குக்கு முன்னால் இருப்பவர்

புதுச்சேரியின் பண்டசோழநல்லூர் போன்ற சிற்றூரில் ஒருவரை அடையாளம் காண முகம் தேவையில்லை. இருட்டில் வரப்பு வழியே வருகிறவர் இருமினாலே போதும், யார் வீட்டு ஆள் என்று திண்ணையில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். பத்திரிகையில் பெயரை மாற்றிப் போடலாம். தொலைக்காட்சியில் முகத்தை மங்கலாக்கலாம். வானொலியில் குரலை என்ன செய்வது? அகதிகளின், பிழைப்புக்காக ஊர் மாறியவர்களின் துயரத்தைத் தனியாளாக நின்று வானொலிக்குச் சொல்லும் செய்தியாளருக்கு முன்னுள்ள அறக்கேள்வி இதுதான். உண்மை வெளிவர வேண்டும். ஆனால் அதற்கான விலையை யார் கொடுப்பது?

யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் அந்த விலையைத் தானே கொடுத்தார். பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் வீரகேசரி, ராவய இதழ்களுக்கும் செய்தி அனுப்பி வந்தவர். மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் அங்கே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை ஓடவிட்டுச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, நாலு வீட்டார் சுற்றி உட்கார்ந்து கேட்ட செய்தி அது. அப்படிப்பட்ட ஊரில் தேர்தல் முறைகேடுகளைத் துணிந்து சொன்னார் நிமலராஜன். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பெற்றோரும் ஒரு சிறுவனும் காயமடைந்தார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஆபத்து வாசலோடு நிற்பதில்லை, வீட்டிலுள்ளவர்களையும் தொடும் என்பதை அந்த இரவு காட்டியது.

மைக்குக்கு முன்னால் உட்காருகிறவரோ இன்னும் வலுவற்றவர். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் சூட்டியது. பெயரில் மரியாதை வந்தது, குடியுரிமை வரவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் ‘செக்கிங்’ நாளில் தவறாமல் வந்து நிற்க வேண்டிய ஒருவர், தன் குறையைத் தன் குரலிலேயே சொன்னால், செய்தியாளர் அடுத்த ஊருக்குப் போன பிறகும் அவர் அங்கேயேதான் இருந்தாக வேண்டும்.

அதற்காகப் பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது. நம் நாட்டில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லாத நிலையில், தனிச் செய்தியாளரும் வாய் மூடினால் இந்த மக்களுக்காகப் பேச ஆள் இருக்காது. வேறொருவர் குரலில் பேசவைக்கலாம் என்பார்கள். ஆபத்து குறையும்தான், ஆனால் நடுங்கிய குரலுக்கு இருந்த வலு வாடகைக் குரலுக்கு வராது.

பிரச்சினை ஒப்புதலில் இருக்கிறது. முன்பெல்லாம் வானொலியில் சொன்னது காற்றோடு போனது. இன்று பதிவு அழிவதில்லை. 1962இல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி நிறைவேறியதையொட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் உறவுகள் பாரிஸ்வரை பரவிக்கிடக்கும் புதுச்சேரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே பேசியது அன்று மாலையே அங்கே கைப்பேசியில் கேட்கும். “பேசலாமா?” என்று தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு வாங்கும் சம்மதம் இதற்குப் போதாது. மைக்கை நீட்டும்போது மனிதர்கள் மரியாதைக்காகவும் தலையாட்டுவார்கள். யாரோ கேட்க வந்தார்களே என்ற நெகிழ்ச்சியிலும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

பதிவை அவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் செய்தியாளருக்கு அது ஒரு நாள் வருமானத்தையே விழுங்கிவிடலாம். ஆனாலும் செய்தாக வேண்டும். தன் குரலைத் தானே கேட்ட பெண் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துடுங்க” என்று சொல்லக்கூடும். மொத்தப் பதிவிலும் உயிருள்ள இடம் அதுவாகவே இருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.