மெஷினுக்குத் தெரியணும்ல

டக்ளஸ் ஆடம்ஸின் வானொலி நாடகம் ஒன்று 1978இல் பிபிசியில் ஒலிபரப்பானது. விண்வெளியில் பைபாஸ் ரோடு போடுவதற்காகப் பூமியை இடித்துவிடுகிறார்கள் அதில். அலறுகிற மனிதர்களுக்குக் கிடைக்கும் பதில்: வரைபடம் ரொம்ப நாளாக ஆல்ஃபா சென்டாரி அலுவலகத்தில் பார்வைக்கு இருந்ததே, வந்து பார்க்காதது உங்கள் தப்பு.

போலகத்துக்காரர்களுக்கு இந்த ஜோக்கை விளக்க வேண்டியதில்லை. எங்க ஊர் காரைக்கால், ஆட்சி புதுச்சேரி, நடுவில் தமிழ்நாடு. ஒரு கோப்பு தன் தலைநகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 130 கிலோமீட்டர், இன்னொரு மாநிலத்தைக் கடந்து போகணும். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படியான ஒப்படைப்பு நடந்ததோ 1962 ஆகஸ்ட் 16இல். இடைப்பட்ட வருஷங்களில் எங்க தாத்தாக்கள் நடைமுறையில் ஒரு நாட்டிலும் காகிதத்தில் இன்னொரு நாட்டிலும் இருந்தார்கள். அறிபுனைக்கு இது போதாதா?

தமிழில் இந்தச் சிரிப்பை உள்ளே இருந்து எழுதியவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. அவருடைய 'என் இனிய இயந்திரா'வில் எல்லோருக்கும் பெயர் இரண்டு எழுத்துதான், பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவின் புருஷன் காணாமல் போகிறான். அவளுக்கு உதவ வருவது ஜீனோ என்கிற ரோபோ நாய், அதுவும் வாய்த்துடுக்குள்ள நாய். அந்த ஆட்சியில் எதுவும் தாமதமாவதில்லை. ஆள்கிற ஜீவாவோ ஒரு மனிதனே இல்லை, வெறும் பிம்பம். அதாவது, முறையிட ஆளே கிடையாது.

அரசாங்க ஆபீஸைக் கேலி செய்யும்போது நாம் பெரும்பாலும் தாமதத்தைத்தான் கேலி செய்கிறோம். அது சரியான இலக்குதானா?

கேரளத்தின் பரவூரில் 1982இல் ஐம்பது வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வாக்குப்பதிவு இயந்திரம் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி.ஜோஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று 1984இல் தீர்ப்பு. மறுபடி சீட்டு, மறுபடி ஓட்டு. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார். சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வர 1989 ஆயிற்று. ஆராய்ச்சிக்கூடத்துப் பொறியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். புதுசு என்பதற்காகவே எதையும் நம்பிவிடாத ஒரு பிடிவாதம் அதில் இருக்கு.

அதற்காகக் காகிதத்துக்கு நான் மாலை போடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் லால் பிகாரி என்ற விவசாயி 1975இலிருந்து 1994 வரை பதிவேட்டில் பிணம். நிலத்துக்காக உறவினர்கள் செய்த வேலை அது. உயிரோடிருப்பதை நிரூபிக்க ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில்கூட நின்றார். 2003இல் அமைதிக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். உலகமே சிரித்தது. அவருக்குப் பத்தொன்பது வருஷம் போயிருந்தது.

எங்க தெருவில் ஒரு பெரியம்மா. நாற்று நட்டு, களை பறித்து ரேகை தேய்ந்த கை. பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கக் கூட்டிப்போனேன். மூன்று தடவை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை.

"இந்தா நிக்கிறேனேப்பா?" என்றார்.

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்மா. மெஷினுக்குத் தெரியணும்ல," என்றார் அங்கிருந்த பையன்.

சிரித்துவிட்டேன், பெரியம்மாவும் சிரித்தார். பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண்ணால் பார்த்ததை எழுத அவனுக்கு அதிகாரம் இல்லை. முன்பெல்லாம் இதே மேஜையில் கண்ணாடியை மூக்கில் இறக்கி, முகத்தைப் பார்த்து, "போன வருஷத்தைவிட இளைச்சிட்டியே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட ஒருவர் இருந்தார். பாதி நாள் சீட்டில் இருக்கமாட்டார். ஆனால் தப்பு நடந்தால் அவர் பெயரைச் சொல்லித் திட்டலாம். நிலாவுக்குக் கிடைக்காதது அதுதான். அந்தப் பையனையும் திட்ட முடியவில்லை. மெஷினின் பெயர் எனக்குத் தெரியாது.