அரைக் கரண்டி உப்பு

 

நாம் தராசைப் பிடித்து ஹலாலான ரிஸ்க்கைத் தேடுகிறவர்கள். அளவையில் குறைப்பவர்களைக் கண்டிக்க 'முதஃப்பிஃபீன்' என்று ஒரு சூராவே அருளப்பட்டிருப்பதை மதரஸாவில் ஓதிய காலத்திலேயே அறிந்தோம். எனினும் அளவு என்பது கல்லாப்பெட்டியோடு நின்றுவிடும் விஷயம் என்றே எண்ணி வந்தோம். அரைக் கரண்டி உப்பு ஓர் உயிரின் விலையாகலாம் என்பதை நமக்கு நினைவூட்டியவன், ஊரில் படிக்கும் நமது லாத்தாவின் மகன்.

அவன் வாணியம்பாடிப் பக்கம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தான். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு இந்தியாவில் தொடங்கிய திட்டம் அது. சேர்ந்தவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பொதுப்பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்தில் தங்க வேண்டும். சென்ற ஆண்டு மாசியில் ஜவ்வாது மலைக்குப் போவதாகத் தொலைபேசியில் சொன்னான். "ஏழு நாளில் எந்த ஊரைத் திருத்தப் போகிறாய்? பரீட்சைக்குப் படி" என்று கடிந்துகொண்டோம். "மாமா, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்" என்றான். அதற்கு மேல் நமக்கு வாய் எழவில்லை.

1987 கோடையில் நமது தம்பி, ஒன்றரை வயதுப் பிள்ளை, வயிற்றுப்போக்கில் மௌத்தானான். நமக்கு அப்போது எட்டு வயது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்கள் அறிந்தது அவ்வளவே. குறை சொல்ல மாட்டோம். பிள்ளை நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டது. குடத்தில் தண்ணீர் இருந்தது. அடுப்படியில் உப்பு இருந்தது, சீனி இருந்தது. வாப்பா நடத்தியதும் மளிகைக்கடைதான்.

அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1971இல், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்துப் பங்கானில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்த இடத்தில் நான்கு பேருக்கும் குறைவாயிற்று. அந்தச் செய்தி பதினாறு ஆண்டுகளில் நமது வீட்டு அடுப்படிக்கு வந்து சேரவில்லை. அதைச் சுமந்துகொண்டு நமது தெருவுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை.

இதன் சூட்சுமம் எளிது. சர்க்கரையும் உப்பும் ஒன்றையொன்று கைபிடித்துக் குடலின் சுவருக்குள் நுழைகின்றன. அவற்றின் பின்னே தண்ணீரும் நுழைகிறது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. உப்பு மிஞ்சினால் பிள்ளைக்கு ஆபத்து. சீனி மிஞ்சினால் பேதி கூடும். (தலைதட்டுவது இன்னதென்று படி அளந்த நமக்குச் சொல்லவா வேண்டும்!) ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிந்து பிள்ளை குடிக்க மாட்டாமல் சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மலையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள், சாமை விளைவிப்பவர்கள். முதல் நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படம் மாட்டிப் பிரசங்கம் செய்தார்கள். கேட்க வந்தவர்கள் நான்கு கிழவர்கள். ஊரே புளி உலுக்கப் போயிருந்தது. பிறகு கிராமச் செவிலியர் சொற்படி, பொழுது சாய்ந்தபின் வீடுவீடாகப் போனார்கள். அநேக வீடுகளில் தேக்கரண்டியே இல்லை, குழம்புக் கரண்டிதான். அதில் அரைக் கரண்டி உப்பென்றால் என்னாவது? மறுநாள் ஜமுனாமரத்தூர்க் கடையில் ஒரே அளவான தேக்கரண்டிகளை வாங்கி வந்து, தாய்மார்களையே கலக்கச் செய்தார்கள்.

பங்களாதேஷில் பிராக் நிறுவனத்தார் 1980 முதல் பத்தாண்டு காலம் வீடுவீடாக உப்பு வெல்லக் கரைசலைக் கற்பித்தபோது, கற்பித்த பெண் எத்தனை வீடு ஏறினாள் என்று பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. பிற்பாடு போய், தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுத்தார்கள். வியாபாரிக்கு விளங்கும் கணக்கு இது. இதை மருமகனிடம் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து நண்பர் இருவருடன் சொந்தச் செலவில் மறுபடி மலையேறினான். சில வீடுகளில் உப்பைக் கையால் அள்ளிப் போட்டார்கள். ஒரு வீட்டில் கரண்டி பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகியிருந்தது. ஆனால் எழுத்தறியாத ஒரு மூதாட்டி பிசகாமல் கலந்து காட்டினார், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். மிச்சக் கரண்டிகளை அவரிடமே ஒப்படைத்து வந்தான்.

ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என வினவ, தண்ணீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததும், அவர்கள் கிணறு தோண்டியதும் பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். நாமும் தம்பி பேரில் ஊரில் தண்ணீர்த் தொட்டி கட்டினோம். பளிங்குக் கல்லில் பெயரும் பொறித்தோம். அவன் பெயரைவிட உன் பெயர் பெரிதாயிருக்கிறதே என்று உம்மா கேட்டார்கள். நமக்கு இன்றுவரை பதிலில்லை. தொட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் இருந்த வீட்டில்தானே தம்பி தாகத்தோடு போனான்?

மார்க்கம் வேறான மலைவாசிகளுக்கு நமது பணம் ஏன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை அவரும் அறிவார். எடுத்துச் சொன்னதும் சிரித்துக்கொண்டு சட்டைப்பையில் கைவிட்டார்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ரமலானில் ஊர்க் கட்டடங்களுக்கென வசூலிக்கும் ஸதக்காவில் ஒரு பங்கை, முகாம் முடிந்தபின் பிள்ளைகள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மலையேறும் பஸ் செலவுக்கு ஒதுக்குங்கள். ஜகாத்தின் சட்டம் வேறு. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். முதற்பணமாக நூறு வெள்ளி கொடுத்திருக்கிறோம். இதற்குக் கல்வெட்டு இல்லை. மருமகன் வருகிற விடுமுறையில் போகிறான். இம்முறை கரண்டிகள் நமது கடையிலிருந்து போகின்றன.