நகைச்சுவையும் நாவின் அறமும்

இல்லறத்தார் சிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டால், இதுவும் ஒரு கேள்வியா என்று நாம் வியப்போம். ஆயினும் நம் ஆகமங்கள் இதனை எளிதாக எண்ணி ஒதுக்கவில்லை. நோகஷாயங்கள் ஒன்பதனுள் முதலாவதாக எண்ணப்படுவது ஹாஸ்யம், அதாவது நகைப்பு. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை விரதத்தை நிலைநிறுத்தும் பாவனைகள் ஐந்தைக் கூறுமிடத்து, சினம், உலோபம், அச்சம் ஆகியவற்றோடு நகைப்பையும் விடுமாறு பணிக்கிறது; ஐந்தாவதாக ஆராய்ந்து பேசுதலை வைக்கிறது. பிறரைச் சிரிக்க வைக்க விரும்புபவன் உள்ளதோடு இல்லாததையும் சேர்த்துவிடுவான் அல்லவா?

அதே அத்தியாயம் அநர்த்த தண்ட விரதத்துக்குரிய அதிசாரங்களையும் வகுத்துரைக்கிறது. முதலாவது கந்தர்ப்பம், இச்சை கலந்த ஆபாசக் கேலிப் பேச்சு. இரண்டாவது கௌத்குச்யம், அப்பேச்சோடு உடற்சேட்டையும் கூடுவது. மூன்றாவது மௌகர்யம், பயனின்றி ஓயாமல் பிதற்றுவது. இக்காலத் திரைப்படங்களின் இரட்டைப் பொருள் வசனங்களைக் கேட்டுவிட்டு எழுதியது போலவே இவ்வரிசை தோன்றுகிறது.

இக்குற்றங்கள் அற்ற நகைச்சுவை உண்டா? உண்டு என்பதற்கு நம் வீடுகளே சான்று. 1980களிலும் 1990களிலும் எஸ்.வி. சேகர் குழுவினரின் நாடகங்கள் கேசட்டுகளாக வந்து வீடுதோறும் ஒலித்தன. கூடத்தில் டேப் ரிக்கார்டரை வைத்தால் பாட்டி, மருமகள், பேரக்குழந்தை, வந்த விருந்தினர் என அனைவரும் சுற்றி அமர்வர். பாதியில் எவரும் எழுந்து அடுக்களைக்குள் புக வேண்டியதில்லை. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று குழந்தை கேட்டுவிடுமோ என்ற அச்சமும் இல்லை. பத்து முறை கேட்ட கேசட்டாயினும், அடுத்து வரப்போகும் சொல்லை அறிந்துகொண்டே சிரித்தோம்.

2019இல் மறைந்த கிரேஸி மோகன், ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் அதனை வேறொன்றாகக் கொள்ளும் சொல்மயக்கத்தைக் கொண்டே அரங்கைக் குலுங்க வைத்தவர். இளமையில் தம்மை மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாக, தம் நாடக நாயகியருக்கு ஜானகி என்றே பெயர் சூட்டினார். ஆசிரியையாக இருந்த எனக்கு அச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. தென்கச்சி கோ. சுவாமிநாதனோ திருநெல்வேலி வானொலியில் பணியாற்றிய காலம் முதலே எங்கள் பகுதிக்கு அறிமுகமானவர். 1988 முதல் சென்னை வானொலியில் அவர் வழங்கிய 'இன்று ஒரு தகவல்' காலைவேளையில் ஒரு செய்தியைச் சொல்லி, ஒரு சிறு கதையால் முடியும். சொல்பவர் சிரிக்க மாட்டார், கேட்பவர் சிரிப்பர்.

இவற்றின் கவர்ச்சி எதில் இருக்கிறது? சொல்பவர்மேல் நாம் வைத்த நம்பிக்கையில் இருக்கிறது என்பேன். காவல் இன்றிச் செவியைத் திறந்து வைக்கலாம் என்னும் நிம்மதியே பாதிச் சுவை. இன்று கைபேசியும் காதுக்கருவியுமாக ஒவ்வொருவரும் தனித்தனியே சிரிக்கின்றனர். நால்வர் நடுவே கேட்கக் கூசுவதைத் தனிமையில் கேட்பது எளிதாகிவிட்டது.

ஆனால் ஆபாசம் இல்லாமை ஒன்றே தூய்மைக்குப் போதுமா? நகைப்புப் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியம் கூறுகிறது. சிறுபிள்ளைத்தனம், அறிவின்மை, கேட்டதை ஆராயாது பற்றிக்கொள்ளும் மடமை ஆகியவற்றுக்கு முன்னே அது வைப்பது பிறரை எள்ளுதலை. திருக்குறளின் பண்புடைமை அதிகாரமோ, பிறரோடு கூடி மகிழத் தெரியாதவர்க்குப் பகலும் இருளே என்று இரங்குகிறது. விளையாட்டாகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். நடத்தியது வேறு, நடந்தது வேறு.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணி நிமித்தம் தூத்துக்குடிக்கு வந்த எனக்கு, திரேஸ்புரத்துப் பிள்ளைகளே முதல் மாணவர்கள். அவர்களுள் ஒருவன் சங்கு குளிப்பவரின் மகன். ஒருநாள் பாடவேளையில் கண் அயர்ந்துவிட்டான். எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டேன், விடை வரவில்லை. "அப்பா கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிறார், மகன் வகுப்பில் மூழ்கித் தூக்கம் எடுக்கிறான்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் என் சொல்நயத்தை எண்ணி மகிழ்ந்தேன். அன்றுமுதல் பிள்ளைகள் அவனை 'முங்கு' என்றே அழைத்தனர். தந்தை உடல்நலம் குன்றிக் கிடந்ததும், விடியுமுன்னரே கரைக்குச் சென்று வலை இழுத்துவிட்டு அவன் பள்ளிக்கு வந்ததும் பின்னரே தெரிந்தன. அந்த ஆண்டு முடியுமுன் படிப்பை நிறுத்திவிட்டான். என் சொல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பங்கில்லை என்றும் சொல்லத் துணிய மாட்டேன்.

அச்சொற்களில் ஆபாசம் எள்ளளவும் இல்லை. எந்த வீட்டுக் கூடத்திலும் ஒலிக்கத் தக்கவை. ஆயினும் அவை பிறந்த இடத்தை இன்று ஆராய்ந்தால் நாணம் உண்டாகிறது. சங்கு ஈரறிவுயிர், அதனைக் கொல்லும் தொழில் இழிந்தது என்னும் செருக்கு என் உள்ளத்தில் ஒளிந்திருந்தது. ஈரறிவுயிர்க்கு இரங்கத் தெரிந்த நான், எதிரே நின்ற, மனம் படைத்த ஐம்பொறி உயிரைச் சொல்லால் வருத்தினேன். சூத்திரம் நகைப்பை ஏன் சினத்தோடும் உலோபத்தோடும் சேர்த்து எண்ணியது என்பது அப்போதுதான் விளங்கியது. சினந்து பேசினால் பேசியவருக்கே உறுத்தும். நகைத்துப் பேசினால் உறுத்தாது. கூட இருப்பவர் சிரிப்பே நற்சான்றாகிவிடுகிறது.

பல்லாண்டுகளுக்குப் பின், ஒரு தசலட்சணப் பர்வம் முடிந்த க்ஷமாவணி நாளில், அவரைத் தேடிச் சென்றேன். கரையில் தம் வள்ளத்தருகே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, உட்கார இடம் தந்தார். நான் நிகழ்ந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு டீச்சர்? அன்னைக்கு நானுந்தானே சிரிச்சேன்" என்றார்.

உண்மைதான், அன்று அவனும் சிரித்தான். நாற்பது பேர் சிரிக்கும்போது அழ முடியாத பிள்ளை வேறு என்ன செய்யும்? அச்சிரிப்பைச் சம்மதம் என்று நான் கொண்டதே என் பெரும்பிழை.

கழுகுமலைக் கல்வெட்டுகள் குரத்தியார் என்று பெண் ஆசிரியர்களைப் போற்றிக் குறிக்கின்றன. அப்பெயரின் கனத்தை நான் அன்று உணரவில்லை. துறவியர் நகைப்பை முற்றும் விடுக. இல்லறத்தாராகிய நாம் சிரிப்போம், பிள்ளைகளையும் சிரிக்க விடுவோம். தூய நகைச்சுவையைக் குடும்பத்தோடு கேட்பதில் குற்றம் காண வேண்டியதில்லை. ஆனால் பேச்சு தூயதா என்று கேட்பதோடு நில்லாமல், எவரைக் கொண்டு சிரிக்கிறோம், அவர் இக்கூடத்தில் நம்மோடு அமர்ந்திருந்தால் இதே சொல்லைச் சொல்வோமா என்றும் கேட்டுக்கொள்வோம். அவரும் சிரிக்கிறாரே என்று மட்டும் அமைதி கொள்ள வேண்டா.