நூற்புழுவும் கொல்லாமையும்

பருத்தியின் வேருக்குள் நுழையும் வேர்முடிச்சு நூற்புழு, நுழையும் பருவத்தில் கண்ணுக்கே தெரியாத உயிர். வேரின் சில செல்களைத் தனக்கு உணவூட்டும் பெருஞ்செல்களாக மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கி முட்டையிடுகிறது. வேர் முடிச்சு முடிச்சாக வீங்குகிறது. நீரும் சத்தும் மேலேறுவது தடைப்படுகிறது. வயலில் திட்டுத்திட்டாகச் செடிகள் குன்றுகின்றன. இப்புழு இருக்கும் நிலத்தில் பருத்தி வாடல் நோயும் கடுமையாகிறது என்பதை 1892இலேயே அமெரிக்காவின் அலபாமாவில் ஜார்ஜ் அட்கின்சன் கண்டறிந்தார். ஆக, உழவரின் இழப்பு மெய். அந்த இழப்பே இவ்வுயிரை அடியோடு அழிக்கும் உரிமையை நமக்குத் தந்துவிடுமா? தடுக்கும் உரிமை உண்டு, ஒழிக்கும் உரிமை இல்லை என்பதே என் வாதம்.

குற்றம் என்றால் அதற்கு எண்ணம் வேண்டும். நூற்புழுவுக்குப் பசி மட்டுமே உண்டு. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்து அதைப் பெருக்கியவர்கள் நாம். சமணம் இம்சையை வகைப்படுத்தியது இங்கே துணைக்கு வருகிறது: கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்யும் இம்சையை இல்லறத்தார் கைவிட வேண்டும், உழவிலும் சமையலிலும் தவிர்க்க முடியாமல் நேர்வதை இயன்றவரை குறைக்க வேண்டும். தமிழ்ச் சமணர் பலர் உழவர்களாகவே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். மண்ணில் உள்ள நூற்புழுக்கள் அனைத்தையும் மாய்க்கும் நச்சுப்புகையை இந்த இரண்டாம் வகையில் அடக்க முடியாது. பாக்டீரியாவைத் தின்று, பயிருக்குத் தழைச்சத்தை விடுவிக்கும் நூற்புழுக்களும் அதில் சாகின்றன.

கடன் வாங்கிப் பருத்தி போட்டவரிடம் புழுவின் உயிரைப் பேசுவது இரக்கமற்றது என்பார்கள். இரக்கத்தையே அளவுகோலாகக் கொள்வோம். டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியத் தொழிலாளர்கள் மலடானது 1977இல் வெளிப்பட்டது. 1979இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது. நஞ்சின் விலையைக் கொடுத்தவர்களும் உழைப்பாளிகளே. மாறாக, ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் பருத்திக்குப் பின் நிலக்கடலை போடுகிறார்கள். பருத்தியைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு கடலையில் பெருகாது. கடலையைத் தாக்கும் வேர்முடிச்சு இனம் பருத்தியில் பெருகாது. எதிர்ப்புத்திறன் கொண்ட பருத்தி ரகங்களும் உண்டு.

இப்படிப் பயிரை மாற்றும்போது புழு பட்டினியில் சாவதும் சாவுதானே, நஞ்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். சாகும் புழுவுக்கு வேறுபாடு இல்லை. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் பயிர்ச்சுழற்சி, நாம் பெருக்கியதை நாமே குறைக்கிறது. மண்ணின் பிற உயிர்களை வாழவிடுகிறது. எஞ்சிய புழுக்களோடு ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புகிறது. நஞ்சோ அந்த ஒப்புதலையே மறுக்கிறது. மறுத்தும், பரவிவிட்ட நூற்புழுவை வயலிலிருந்து முற்றாக நீக்க அதனாலும் இயல்வதில்லை. கொல்லாமை உழவரிடம் கேட்பது, கொலை குறைந்த வழி இருக்கும்போது அதைத் தேர்வதையே. அந்தத் தேர்வுக்கு வருமானம் குறையுமானால், குறையைப் பருத்தி உடுத்தும் நாமும் ஏற்க வேண்டும்; அறத்தை உழவர் தலையில் மட்டும் சுமத்துவதும் இம்சையே.